முதலில் சேஃப், அப்புறம்தான் துப்பாக்கி

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புரட்டாசி கடைசி சனிக்கிழமை அக்காள் வீட்டில் பூஜை முடிந்து எல்லோரும் சாப்பிட்டு எழுந்த நேரத்தில், அக்காள் மகன் சட்டைப் பையில் இருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினான். கணக்கு நோட்டில் கிழித்த தாள். அதில் மூன்று வரி: 9 எம்எம் பிஸ்டல் ஒன்று, 12 போர் பம்ப் ஷாட்கன் ஒன்று, .22 ரைஃபிள் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே கடையில் கேட்டு எழுதிய விலை, கீழே கோடு போட்டு மொத்தம், அதற்கும் கீழே அவன் கையில் இருக்கும் பணம் 25,000 ரேண்ட் என்று தனியாக வட்டம் போட்டிருந்தான். "மாமா, மூணையும் ஒரே நேரத்துல வாங்க முடியாது, எதை முதல்ல வாங்கட்டும், எதைத் தள்ளிப் போடட்டும்?" என்று கேட்டான்.

நான் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தேன். துப்பாக்கியைப் பூட்டி வைக்கிற சேஃபுக்கு ஒரு வரி இல்லை, பயிற்சிக்கு இல்லை, குண்டுக்குக்கூட இல்லை. இதே கேள்வியை இந்த வருஷம் மட்டும் என்னிடம் நாலு பேர் கேட்டுவிட்டார்கள், நாலு பேரும் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிடித்துச் சேர்த்த பணத்தோடு வந்தவர்கள், நாலு பேரும் கேட்டது துப்பாக்கியின் பெயரைத்தான். அதனால்தான் வீட்டோடு நிற்காமல் உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன். நான் துப்பாக்கிக்கு எதிரானவன் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் லைசென்ஸ் வைத்திருக்கிறேன், மாதம் ஒரு தடவையாவது சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போகிறேன், 2021இல் நம் தென்னாப்பிரிக்காவில் தற்காப்புக்கு லைசென்ஸே கொடுக்கக்கூடாது என்று சட்டத்திருத்த வரைவு வந்தபோது அதை எதிர்த்து நானும் எழுதிப் போட்டேன். கையில் கொஞ்சப் பணம்தான் இருக்கிறது என்றால் அதை எந்த வரிசையில் செலவு பண்ண வேண்டும் என்பதைப் பற்றி மட்டும்தான் இந்தக் கடிதம்.

முதலில் சட்டத்தைப் பாருங்கள், அவன் தாளில் பாதி அங்கேயே விழுந்துவிடும். நம் நாட்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டில் நிறைவேறியது, 2004 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தற்காப்புக்கான லைசென்ஸ் அதன் 13ஆம் பிரிவில் வருகிறது, அந்தப் பிரிவில் ஒருவருக்கு ஒரே ஒரு துப்பாக்கிதான். ஒன்று கைத்துப்பாக்கி, இல்லையென்றால் பம்ப் மாதிரி கையால் இழுத்துப் போடுகிற ஷாட்கன். இரண்டும் சேர்த்துத் தற்காப்புக்கு என்று கேட்க முடியாது. .22 ரைஃபிளை 15ஆம் பிரிவில், எப்போதாவது வேட்டைக்கோ விளையாட்டுக்கோ என்று தனியாகக் கேட்க வேண்டும், அதற்கு வேறு காரணம் எழுத வேண்டும், வேறு தேர்வும் எழுத வேண்டும், ஏனென்றால் கைத்துப்பாக்கிக்கு எடுத்த தகுதிச் சான்றிதழ் ரைஃபிளுக்குச் செல்லாது. ஆக மூன்று துப்பாக்கி என்றால் மூன்று விலை மட்டும் இல்லை, மூன்று பயிற்சி, மூன்று விண்ணப்பம், ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் காத்திருப்பு. இதையெல்லாம் கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும், அவனிடம் யாரும் சொல்லவில்லை.

அதே 13ஆம் பிரிவில் இன்னொரு வாசகம் இருக்கிறது, நிறையப் பேர் அதைப் படிக்காமல் தாண்டிப் போகிறார்கள். உங்களுக்குத் தற்காப்புக்குத் துப்பாக்கி தேவை என்று காட்டினால் மட்டும் போதாது, அந்தத் தேவையைத் துப்பாக்கி இல்லாமல் வேறு வழியில் நியாயமாகத் தீர்த்துக்கொள்ள முடியாது என்றும் காட்ட வேண்டும். வேறு வழி என்றால் என்ன? கதவு, கம்பி, விளக்கு, அலாரம், நாய், அக்கம்பக்கம். நான் அந்தச் சனிக்கிழமையே அக்காள் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தேன். சமையலறைப் பின்கதவின் பூட்டைப் பிடித்திருக்க வேண்டிய ஸ்க்ரூ நாலு, இருந்தது இரண்டு, அதில் ஒன்று என் நகத்துக்கே ஆடியது. பின்னால் துணி காயப்போடும் இடத்து விளக்கு எரியவில்லை, எப்போது போனது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. குளியலறை ஜன்னலின் பர்கிளர் கார்டு கம்பி துருப்பிடித்துக் கீழ்ப்பக்கம் சுவரை விட்டு வந்திருந்தது. 25,000 ரேண்ட் சேர்த்து வைத்திருக்கிற பையன் வீட்டில் பின்கதவு இரண்டு ஸ்க்ரூவில் நிற்கிறது. அவனிடம் கோபமாகத்தான் பேசினேன், அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

சரி, கதவும் ஜன்னலும் ஆயிற்று, அதற்கு அப்புறமும் துப்பாக்கி தேவை என்று ஒருவர் நினைத்தால், அது அவர் உரிமை, நானும் அப்படி நினைத்தவன்தான். அப்போது முதலில் வாங்க வேண்டியது சேஃப். சட்டமே அதைக் கேட்கிறது: துப்பாக்கி உங்கள் உடம்பில், உங்கள் நேரடிக் கட்டுப்பாட்டில் இல்லாத நேரமெல்லாம் நம் நாட்டுத் தர வாரியத்தின் 953 தரத்துக்கு ஏற்ற சேஃபில் பூட்டி இருக்க வேண்டும். சேஃபைச் சுவரோடோ தரையோடோ போல்ட் போட்டு முடுக்க வேண்டும், சும்மா அலமாரிக்குள் வைத்தால் திருடன் சேஃபையே தூக்கிக்கொண்டு போய்விடுவான். சான்றிதழ் ஒட்டாத மலிவுப் பெட்டியை வாங்கிவிட்டு, போலீஸ் வந்து பார்த்து இது செல்லாது என்று சொன்ன பிறகு மறுபடியும் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ஒரே தடவை ஒழுங்காக வாங்குங்கள்.

சேஃபைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் பெரியப்பா. டொங்காட்டில் இருந்தார், பழைய சட்டக் காலத்து லைசென்ஸில் ஒரு .38 ரிவால்வர் வைத்திருந்தார். அதை ஒரு பழைய துண்டில் சுற்றி, அலமாரியில் மடித்து வைத்த வேட்டிகளுக்கு அடியில் வைப்பார், மேலே ஒரு கற்பூர டப்பா இருக்கும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே எங்கள் எல்லோருக்கும் அந்த இடம் தெரியும், அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஒரு நாள் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டில் திருட்டு. டிவி போகவில்லை, பெரியம்மாவின் நகை பாதி தப்பியது, வேட்டிகள் தரையில் கிடந்தன, துண்டு கிடந்தது, ரிவால்வர் இல்லை. போலீஸ் கேட்ட முதல் கேள்வி, எங்கே வைத்திருந்தீர்கள் என்பதுதான். அபராதம் கட்டினார், அது பெரிய விஷயம் இல்லை. அந்த ரிவால்வர் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. பெரியப்பா சாகும்வரை, பக்கத்து ஊரில் எங்காவது யாரையாவது சுட்டுவிட்டார்கள் என்று பேப்பரில் வந்தால் அதை எடுத்து வரி விடாமல் படிப்பார், படித்துவிட்டு "என்னோடதா இருக்குமோ" என்று பெரியம்மாவிடம் கேட்பார். அந்த வருஷத்து விலைக்கு ஒரு சின்னச் சேஃப் எவ்வளவு ஆகியிருக்கும்? அவரால் முடியாத தொகை இல்லை.

அடுத்தது பயிற்சி. இதையும் துப்பாக்கி வாங்குவதற்கு முன்னாலேயே செய்ய வேண்டும், எப்படியும் 21 வயது முடிந்து, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் சட்டத் தேர்வும் சுடும் தேர்வும் முடித்து, தகுதிச் சான்றிதழ் வாங்கினால்தான் லைசென்ஸ் கிடைக்கும். ஆனால் நான் சொல்வது அந்தக் காகிதத்துக்காக மட்டும் இல்லை. ரேஞ்சுக்குப் போனால் அங்கே வாடகைக்கு இரண்டு மூன்று வகைத் துப்பாக்கி கொடுப்பார்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சுட்டுப் பார்த்தால்தான் உங்கள் கைக்கு எது அடங்கும் என்று தெரியும். நான் முதல் நாள் போனபோது இடது பெருவிரலை ஸ்லைடுக்கு, அதாவது சுடும்போது பின்னால் பாய்ந்து வரும் பிஸ்டலின் மேல்பாகத்துக்கு, பின்னால் சுற்றிப் பிடித்திருந்தேன். யாரும் கவனிக்கும் முன்னே சுட்டுவிட்டேன். ஸ்லைடு பின்னால் வந்த வேகத்தில் பெருவிரல் மூட்டுக்கு மேலே இரண்டு கோடாகத் தோலைக் கிழித்துவிட்டது, கை நடுங்கியது, ரத்தம் பிடியில் வழிந்து குண்டெல்லாம் ஒட்டியது. பயிற்சியாளர் பேசாமல் பிஸ்டலை வாங்கிக் காலி பண்ணி மேஜையில் வைத்துவிட்டு, பெருவிரல் இரண்டும் ஒரே பக்கம் இருக்கணும் என்று என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினார். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு, பிள்ளைகள் அழுகிற வீட்டில், இருட்டில், அந்த முதல் குண்டை நான் சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன், கடையின் பெயர் வேண்டாம். ரேஞ்சுக்குப் போவதற்கு முன்னாலேயே நான் ஒரு கடையில் முன்பணம் கட்டிவிட்டேன். பாக்கெட்டில் வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது என்று சொல்லி உள்ளங்கை அளவு பிஸ்டல் ஒன்றை விற்றார்கள். அதன் குண்டு அளவு நம் பக்கத்தில் அதிகம் பேர் வைத்திருக்காத அளவு, ஒரு பெட்டி 50 குண்டு வாங்க மூன்று கடை ஏற வேண்டும், கிடைத்தாலும் 9 எம்எம் விலையைப் போல் ஒன்றரை மடங்கு. பிடி சின்னது, சுண்டு விரலுக்கு இடமே இல்லை, இருபது குண்டு சுட்டால் கை கடுக்கும். அதனால் பயிற்சிக்குப் போவதே குறைந்தது. முழுப் பணமும் கட்டிய பிறகுதான், லைசென்ஸ் வரும்வரை துப்பாக்கி கடையிலேயே இருக்கும், வேண்டாம் என்றால் பணம் திரும்பாது என்று சொன்னார்கள். லைசென்ஸ் வர ஏழு மாதம் ஆனது. நாலு வருஷம் கழித்து அதைப் பாதி விலைக்கும் கீழே விற்றேன். அந்தப் பணத்தில் இன்றைக்கு நான் என் மகளைப் பயிற்சிக்கு அனுப்பியிருப்பேன்.

ஆகவே எந்தத் துப்பாக்கி என்று கேட்டால், கொஞ்சப் பணம் உள்ளவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: பழைய, முழு அளவு 9 எம்எம் பிஸ்டல், எல்லோரிடமும் இருக்கிற மாடலாக ஒன்று. புதுசு தேவையே இல்லை. நம் நாட்டில் செய்த இசட் 88 இருக்கிறது, பெரெட்டா 92இன் வழியில் செய்தது, நம் போலீஸ் வருஷக்கணக்காக இடுப்பில் வைத்திருந்தது. செக் நாட்டு சிஇசட் 75, சீனத்து நாரின்கோ, பிரேசிலின் டாரஸ், இவையெல்லாம் பழைய சரக்காகக் கிடைக்கும். க்ளாக் நல்லதுதான், பழையது நியாயமான விலைக்கு வந்தால் விடாதீர்கள், ஆனால் பெயருக்காகக் கடன் வாங்கிப் புதுசு எடுக்க வேண்டாம். பழையதை எடுக்கும்போது துப்பாக்கி வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் குழலுக்குள் பார்க்கச் சொல்லுங்கள், மேகசின், அதாவது குண்டு நிரப்பிப் பிடிக்குள் செருகும் பெட்டி, சரியாக ஏறி இறங்குகிறதா, தனியாக இன்னொரு மேகசின் எங்கே கிடைக்கும், என்ன விலை என்று கேளுங்கள், வரிசை எண் காகிதத்தோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே கண்ணால் பாருங்கள். லைசென்ஸ் உங்கள் பெயரில் வரும்வரை துப்பாக்கி உங்கள் கைக்கு வரக்கூடாது, எவ்வளவு நெருங்கிய நண்பன் விற்றாலும் சரி. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்குச் சட்டத்தில் 15 வருஷம் வரை சிறை இருக்கிறது. மலிவாக ஒன்று இருக்கிறது, காகிதம் வேண்டாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

ஷாட்கன் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். சத்தம் கேட்டாலே ஓடிவிடுவான், குறி பார்க்கவே வேண்டாம் என்று சொல்வார்கள். தவறு. ஒரு அறையின் தூரத்தில் அதன் ரவை அவ்வளவாகப் பரவாது, குறி பார்த்துத்தான் சுட வேண்டும். சாட்ஸ்வர்த்தில் நம்மில் நிறையப் பேர் இருப்பது 1960களில், இனம் பிரித்துக் குடியிருக்க வைத்த குழுப் பகுதிச் சட்டத்தின் கீழ் நம்மைக் கொண்டுவந்து போட்ட காலத்து ஒட்டு வீடுகளில், ஒரே சுவர் இரண்டு குடும்பத்துக்கு. என் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஆயாவின் கட்டில், அவர் இருமுவது எனக்குக் கேட்கும். பின்னால் தகரமும் பலகையும் வைத்துக் கட்டிய அறைகளில் வாடகைக்குக் குடும்பங்கள் இருக்கின்றன. எந்தத் துப்பாக்கி வாங்கினாலும் குண்டு தப்பினால் அது எங்கே போய் நிற்கும் என்று வாங்குவதற்கு முன்பே வீட்டுக்குள் நடந்து பார்த்துவிட வேண்டும். நீளமான ஷாட்கன்னைக் குறுகலான நடையில் திருப்ப முடியுமா என்று ஒரு துடைப்பக்கட்டையை வைத்தே பார்த்துவிடலாம், நான் அப்படித்தான் பார்த்தேன், இரண்டு இடத்தில் கதவு நிலையில் இடித்தது.

குண்டுக்குப் பணம் ஒதுக்காத கணக்கு கணக்கே இல்லை. லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக்கு வீட்டில் 200 குண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது, அங்கீகாரம் பெற்ற ரேஞ்சில் வாங்கி அங்கேயே சுட்டுத் தீர்ப்பதற்கு அந்த வரம்பு இல்லை. மாதம் 50 குண்டு ஒழுங்காகச் சுடுகிறவர், வருஷத்துக்கு ஒரு தடவை 500 குண்டை வீணாக்குகிறவரைவிட நன்றாகச் சுடுவார், இதை ரேஞ்சில் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். மாதம் ஒரு பெட்டிகூட முடியவில்லை என்றால் வீட்டிலேயே வெறும் துப்பாக்கியில் பழகலாம், காசு செலவில்லை. குண்டை எல்லாம் வேறு அறையில் பூட்டிவிட்டு, மேகசினைக் கழற்றி, துப்பாக்கியில் குண்டு உட்காரும் அறையைக் கண்ணால் பார்த்து, விரலை விட்டும் பார்த்து, பின்னால் ஆள் இல்லாத செங்கல் சுவரைப் பார்த்து நின்று, குறி பார்க்கும் முள் அசையாமல் ட்ரிக்கரை மெதுவாக இழுத்துப் பழகுங்கள், தினம் பத்து நிமிஷம். முடிந்ததும் உடனே சேஃப்.

இப்போது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம், பணம் குறைவாக உள்ளவர்களுக்கு இதுதான் ரொம்ப உதவும். லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. கணவன் பெயரில் உள்ள துப்பாக்கியை அவர் வேலைக்குப் போன பிறகு மனைவி சேஃபைத் திறந்து எடுக்க முடியாது. அதனால்தான் அவளுக்கும் ஒன்று என்று இரண்டாவது துப்பாக்கிக்குப் பணம் சேர்க்கிறார்கள். ஆனால் சட்டத்தின் 12ஆம் பிரிவில், ஒரே வீட்டில் குடியிருக்கிற இன்னொருவருக்கு அதே துப்பாக்கிக்குக் கூடுதல் லைசென்ஸ் கொடுக்க வழி இருக்கிறது. மனைவி பயிற்சி எடுத்து, தகுதிச் சான்றிதழ் வாங்கி, அதே துப்பாக்கிக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு துப்பாக்கி, ஒரு சேஃப், ஒரே அளவு குண்டு, பழகியவர்கள் இரண்டு பேர். இரண்டாவது துப்பாக்கியின் விலையில் பெரும்பகுதி மிச்சம். நம் வீடுகளில் பகலில் தனியாக இருப்பது பெரும்பாலும் பெண்கள்தான், பயிற்சி அவர்களுக்குத்தான் முதலில் வேண்டும், ஆனால் ரேஞ்சில் நம் பெண்களை நான் பார்ப்பது மிகக் குறைவு.

அதேபோல அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன துப்பாக்கி இருக்கிற வீடுகள் நிறைய. லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் அந்தத் துப்பாக்கி தானாக மகனுக்கு வந்துவிடாது. அதைப் போலீஸிடமோ டீலரிடமோ பத்திரமாக வைத்துவிட்டு, வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் வாங்கிய பிறகுதான் எடுக்க வேண்டும். காசு கொடுக்காமல் கிடைத்த துப்பாக்கி, புதிதாக வாங்கத் தேவையில்லை, ஆனால் முறையாகச் செய்தால்தான் அந்த மிச்சம். பலர் அப்படியே அலமாரியில் போட்டு வைத்திருக்கிறார்கள், 2019 டிசம்பரில் இருந்து ஆறு மாதமும் அதற்கு அடுத்து 2020 ஆகஸ்டில் இருந்து ஆறு மாதமும் அரசாங்கம் பொது மன்னிப்புக் கொடுத்தபோதுகூடப் பயந்துகொண்டு போகாதவர்கள் இருக்கிறார்கள். இப்போதும் ஒரு வக்கீலைக் கேட்டுக்கொண்டு போய்ப் பேசுவதுதான் நல்லது. தற்காப்பு லைசென்ஸுக்கு ஐந்து வருஷம்தான் ஆயுள், முடிவதற்கு 90 நாளுக்கு முன்னாலேயே புதுப்பிக்கக் கொடுக்க வேண்டும், அந்த விதிகள் செல்லும் என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2018 ஜூனில் சொல்லிவிட்டது. காலண்டரில் இன்றைக்கே குறித்து வையுங்கள்.

2021 ஜூலையை விட்டுவிட்டு நம் பக்கத்தில் துப்பாக்கியைப் பற்றிப் பேச முடியாது. முன்னாள் ஜனாதிபதி ஜேக்கப் ஸூமா சிறைக்குப் போன பிறகு கிளம்பிய கலவரத்தில் கடைகளும் கிடங்குகளும் சூறையாடப்பட்டன, நம் தெருமுனைகளில் நாமே டயரும் கட்டையும் போட்டு மறித்து நின்றோம். டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் இருக்கிற ஃபீனிக்ஸில் மட்டும் 36 பேர் செத்தார்கள், பெரும்பாலோர் கறுப்பின மக்கள், பக்கத்து ஊர்க்காரர்கள். நானும் எங்கள் தெருமுனையில் மூன்று இரவு நின்றவன், அதனால் பயம் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. என் பக்கத்தில் நின்ற ஒரு பையன் கையில் பிஸ்டல், விரல் ட்ரிக்கரை விட்டு எடுக்கவே இல்லை, கார் விளக்கு தெரியும்போதெல்லாம் கையைத் தூக்குவான். இரண்டாம் நாள் ராத்திரி வந்த ஒரு காரில் இருந்தது ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற நர்ஸ், ஜூலு அம்மா, யூனிஃபார்மோடு. கண்ணாடியை இறக்கி இரண்டு கையையும் வெளியே நீட்டிக் காட்டினார். நான் அந்தப் பையனின் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினேன், அவன் உடம்பே உதறிக்கொண்டிருந்தது. துப்பாக்கி வாங்க அவனிடம் பணம் இருந்தது. எப்போது சுடக்கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அதற்கு அப்புறம் வந்த மாதங்களில் பயத்தில் வாங்க ஓடினவர்கள் எத்தனையோ பேர், அவர்களில் ரேஞ்சுக்கு இன்றும் வருகிறவர்களை என் விரலால் எண்ணிவிடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைச் சொல்லத் தயங்கினேன், ஆனாலும் சொல்கிறேன். வீட்டில் குடி இருந்தால், கைநீட்டும் பழக்கம் இருந்தால், மனம் உடைந்து கிடக்கிற ஒருவர் இருந்தால், எவ்வளவு பணம் இருந்தாலும் அந்த வீட்டுக்குத் துப்பாக்கி வேண்டாம். அந்தப் பணத்தில் கதவைப் பலப்படுத்துங்கள், அலாரம் அடித்தால் ஆயுதத்தோடு வரும் தனியார் காவலான ஆர்ம்ட் ரெஸ்பான்ஸுக்கு மாதம் கட்டுங்கள். மருந்துக்கும் டாக்டருக்கும் செலவு பண்ணுங்கள். குடும்ப வன்முறைக்காக நீதிமன்றம் பாதுகாப்பு உத்தரவு போட்டவரைத் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியில்லாதவர் என்று அறிவிக்கச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. ஏற்கனவே துப்பாக்கி இருக்கிற வீட்டில் இப்படி ஒரு நிலைமை வந்தால் கொஞ்ச காலத்துக்கு டீலரிடம் கொண்டுபோய்ப் பாதுகாப்பில் வைத்துவிடலாம், அதில் எந்த அவமானமும் இல்லை.

சரி, அக்காள் மகன் கணக்குக்கு வருகிறேன். நானும் அவனும் அவன் மனைவியும் மேஜையில் உட்கார்ந்து தாளின் பின்பக்கம் புதிதாக எழுதினோம். விலை எல்லாம் எங்கள் பக்கத்தில் கேட்டது, உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கும். பின்கதவு, ஜன்னல் கம்பி, வெளி விளக்கு இரண்டு, எல்லாம் சேர்த்து 6,000. சேஃபும் அதைச் சுவரில் முடுக்கும் கூலியும் 2,500. இரண்டு பேருக்கும் பயிற்சி 3,500, விண்ணப்பம், போட்டோ, கைரேகை, போக்குவரத்து என்று 1,000. பழைய 9 எம்எம் பிஸ்டலுக்கு 8,000க்கு மேல் போவதில்லை என்று முடிவு பண்ணினோம். துப்பாக்கியை இடுப்பில் வைக்க உறுதியான ஒரு ஹோல்ஸ்டர் உறைக்கும் நல்ல டார்ச்சுக்கும் 1,200, காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு 500, மிச்சம் இருக்கிற 2,300 முழுக்கக் குண்டுக்கும் ரேஞ்ச் கட்டணத்துக்கும். ஷாட்கன் இல்லை, ரைஃபிள் இல்லை. அவனுக்கு .22 மேல் ரொம்ப ஆசை, மலிவுக் குண்டு, சத்தமும் குறைவு, பழகுவதற்கு நல்லது, நான் ஒத்துக்கொள்கிறேன். இரண்டு வருஷம் விடாமல் ரேஞ்சுக்குப் போனால் அப்புறம் 15ஆம் பிரிவில் அதைக் கேட்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். லைசென்ஸுக்கு என்னென்ன படி, எந்தப் பிரிவில் என்ன கிடைக்கும், சேஃபுக்கு என்ன தரம், வாரிசுத் துப்பாக்கிக்கு என்ன செய்ய வேண்டும், இவற்றைத் துப்பாக்கிச் சட்டம் தெரிந்த ஒரு வக்கீலிடம் எழுதி வாங்கி, தமிழில் ஒரு பக்கம் போடுங்கள். கோயில் அறிவிப்புப் பலகைகளில் நானே கொண்டுபோய் ஒட்டுகிறேன். வீட்டுப் பெரியவர்களும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து படிக்கட்டும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அவனும் அவன் மனைவியும் பயிற்சிக்குப் போய் வந்தார்கள். அவளுக்குத்தான் குறி நன்றாக விழுந்தது, சுட்ட அட்டையை மடித்துக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள், பத்தில் எட்டு உள் வட்டத்தில். பின்கதவுக்குப் புதுப் பூட்டு போட்டாயிற்று, ஸ்க்ரூ நாலும் நீளமானது. சேஃப் போன வாரம் படுக்கையறைச் சுவரில் ஏறியது. உள்ளே இன்னும் ஒன்றும் இல்லை, சாவி மட்டும் அவன் கழுத்துச் சங்கிலியில் தொங்குகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவர்,
சாட்ஸ்வர்த், டர்பன்